லினக்ஸ் மின்ட்டில் கிளவுட் ஸ்டோரேஜ்: நிறுவுவதும் கட்டி மேய்ப்பதும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் டிடிபி கடையும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிற தெரிந்தவர்கள் சிலர், நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப் போட மனசில்லாமல், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்கு மாறினார்கள். மாறிய கையோடு வருகிற முதல் கேள்வி பிரின்டர். இரண்டாவது, "அண்ணே, கூகுள் டிரைவ் ஃபோல்டர் எங்க போச்சு?" பிரின்டரை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இங்கே இரண்டாவது கேள்வி மட்டும்.

கிளவுட் எதற்கு, பென் டிரைவ் போதாதா என்று நம் ஊரில் யாரும் இப்போது கேட்பதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கம் தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்தில் மேசைக்கு அடியில் சிபியூவும் பக்கத்து டிராயரில் பேக்கப் ஹார்டு டிஸ்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் நனையும். ஒரு பிரதியாவது வேறு ஊரில் இருக்க வேண்டும்.

நான் மின்ட் 22, சின்னமன் டெஸ்க்டாப்பை வைத்துச் சொல்கிறேன். இது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். டெர்மினலில் ஒரு கட்டளைகூடத் தட்ட வேண்டியதில்லை, எல்லாம் மவுஸ் வேலைதான். மெனுப் பெயர்களை ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் மின்ட்டைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தால் பெயர் வேறாக இருக்கும், இடம் அதேதான்.

எதையும் நிறுவுவதற்கு முன்

கிளவுட் மென்பொருளில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் உங்கள் ஹார்டு டிஸ்கில் ஒரு ஃபோல்டரை வைத்துக்கொண்டு, அதில் நடப்பதையெல்லாம் சர்வரிலும், சர்வரில் நடப்பதையெல்லாம் இங்கேயும் செய்துகொண்டே இருக்கும். இதைத்தான் சிங்க் என்கிறோம். டிராப்பாக்ஸ், நெக்ஸ்ட்கிளவுட், மெகா எல்லாம் இந்த ரகம். நெட் இல்லாவிட்டாலும் ஃபைல் கையில் இருக்கும், நெட் வந்ததும் சரிசெய்துகொள்ளும். இன்னொரு ரகத்தில் ஃபைல் சர்வரில் மட்டும்தான் இருக்கும். ஃபைல் மேனேஜரில் ஒரு டிரைவ் மாதிரித் தெரியும், திறந்தால் அந்த நேரத்தில் இறங்கி வரும். நெட் போனால் அதுவும் போச்சு.

எந்த ரகம் என்று தெரியாமல் பயன்படுத்துவதால்தான் பாதிப் பிரச்சினை. சிங்க் ரகத்தில், 'டிஸ்க் நிறைந்துவிட்டது, மேலேதான் ஒரு பிரதி இருக்கிறதே' என்று இங்கே அழித்தால் மேலேயும் அழிந்துவிடும். மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். இதை மட்டும் மறக்காமல் இருந்தால் மீதி எதையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

எந்தச் சேவை?

இலவச இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், லினக்ஸில் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். கூகுள் 15 ஜிபி தருகிறது, ஆனால் அது ஜிமெயில், ஃபோட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து. நிறைந்தால் மெயில் வருவதே நின்றுவிடும். லினக்ஸுக்கு கூகுளின் சொந்த டிரைவ் மென்பொருள் கிடையாது. ஒன்டிரைவ் 5 ஜிபி, அதற்கும் லினக்ஸில் மைக்ரோசாஃப்ட் தரும் மென்பொருள் இல்லை. டிராப்பாக்ஸ் வெறும் 2 ஜிபிதான், அதுவும் 2019 மார்ச் முதல் இலவசக் கணக்கில் மூன்று கருவிகள் மட்டுமே இணைக்கலாம். ஆனாலும் லினக்ஸுக்கென்று சொந்த மென்பொருள் வைத்திருக்கிறது, போட்டுவிட்டு மறந்துவிடலாம். மெகா 20 ஜிபி தருகிறது, அதற்கும் லினக்ஸ் மென்பொருள் உண்டு. அங்கே பாஸ்வேர்டு மறந்தால் அவர்களாலும் திறக்க முடியாது, ரெக்கவரி கீயைத் தாளில் அச்சடித்து பீரோவில் வைக்க வேண்டும்.

நெக்ஸ்ட்கிளவுட் வேறு வகை. 2016 ஜூனில் ஃபிராங்க் கார்லிட்ஷெக், ஓன்கிளவுட் என்ற முந்தைய மென்பொருளிலிருந்து பிரித்துத் தொடங்கிய திறந்த மூல (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) மென்பொருள் அது, சர்வரும் திறந்த மூலம், டெஸ்க்டாப்பில் ஓடுவதும் திறந்த மூலம். அது ஒரு தனிக் கம்பெனியின் டிஸ்க் அல்ல, பல நிறுவனங்கள் அதை ஓட்டி இடம் தருகின்றன. உங்கள் அலுவலகமே ஓட்டலாம், தெரிந்த ஒருவர் பழைய கணினியில் ஓட்டலாம். உங்களுக்கென்று ஒரு சர்வர் முகவரியும் கணக்கும் கிடைத்தால் போதும். புதிதாக வருபவர் சர்வரையும் தானே ஓட்ட வேண்டும் என்று ஆரம்பிக்க வேண்டாம். அது தனி வேலை, இரவில் தூக்கம் கெடுக்கும் வேலை. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம், விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு என்று இதிலேயே ஊறியவர்கள் இருக்கிறார்கள். ஆசை இருந்தால் அவர்களிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதுதான் நல்லது.

என் கருத்து: வீட்டுக்கு டிராப்பாக்ஸோ மெகாவோ போதும். கடைக்கும் அலுவலகத்துக்கும் நெக்ஸ்ட்கிளவுட். கூகுள் டிரைவ், அடுத்தவர் அனுப்பியதை எடுக்க மட்டும்.

தயாரிப்பு

முதலில் அப்டேட் மேனேஜரைத் திறந்து காத்திருக்கும் அப்டேட்களை முடியுங்கள். பிறகு மெனுவில் டிஸ்க் யூசேஜ் அனலைசர் என்று ஒன்று இருக்கும், அதில் ஹோம் ஃபோல்டரை ஸ்கேன் செய்தால் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று வட்டமாகப் படம் போட்டுக் காட்டும். சர்வரில் 40 ஜிபி வைத்துக்கொண்டு இங்கே 25 ஜிபி காலியிடத்தில் எல்லாவற்றையும் சிங்க் செய்யக் கிளம்புகிறவர்கள் உண்டு.

விண்டோஸும் மின்ட்டும் ஒரே கணினியில் இருந்தால் இன்னொன்று. பழைய டி டிரைவ் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்கும். இடம் நிறைய இருக்கிறதே என்று டிராப்பாக்ஸ் ஃபோல்டரை அங்கே வைக்க முடியாது. 2018 நவம்பரில் அவர்கள் லினக்ஸின் வழக்கமான டிஸ்க் ஃபார்மேட்டான எக்ஸ்ட்4 தவிர எல்லாவற்றையும் நிறுத்தினார்கள், சத்தம் கிளம்பியதும் 2019-இல் பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் போன்ற வேறு சில ஃபார்மேட்களைத் திரும்பச் சேர்த்தார்கள், என்டிஎஃப்எஸ் அந்தப் பட்டியலில் வரவில்லை. மற்ற மென்பொருள்கள் அங்கே வைக்க விட்டாலும், மின்ட் ஏறும்போது அந்த டிரைவ் தானாக மவுண்ட் ஆகாவிட்டால் (இணைந்து திறக்காவிட்டால்) ஃபோல்டரைக் காணோம் என்று நிற்கும். ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

டிராப்பாக்ஸ்

சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து டிராப்பாக்ஸ் என்று தேடுங்கள். கூடவே நீமோ-டிராப்பாக்ஸ் என்று ஒன்று வந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள், மின்ட்டின் ஃபைல் மேனேஜரான நீமோவில் ஃபைல் மேல் பச்சை டிக் காட்டுவது அதுதான். நிறுவி முடித்து முதல்முறை திறக்கும்போது, உண்மையான மென்பொருளை இன்னும் இறக்க வேண்டும் என்று ஒரு பெட்டி வரும். பயப்பட வேண்டாம். சாஃப்ட்வேர் மேனேஜரில் கிடைத்தது ஒரு சின்ன உறை மட்டுமே, மூடிய மூலமான பகுதியை டிராப்பாக்ஸ் தன் சர்வரிலிருந்து நேரடியாக இறக்கி உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைவாக வைத்துக்கொள்கிறது. ஓகே கொடுத்தால் பிரவுசர் திறக்கும், லாகின் செய்யுங்கள், முடிந்தது. திரை ஓரத்துப் பட்டையில் (பேனல்), நேரம் காட்டும் இடத்துக்கு அருகே பெட்டி ஐகான் வந்துவிடும்.

ஐகானைக் கிளிக் செய்து பிரிஃபரன்சஸில் சிங்க் பகுதிக்குப் போனால் செலக்டிவ் சிங்க் இருக்கும். இந்தக் கணினிக்கு எந்த ஃபோல்டர் வேண்டும் என்று டிக் போடும் இடம் அது. விண்டோஸில் இருந்ததுபோல ஃபைலை ஆன்லைனில் மட்டும் வைத்துப் பெயரை மட்டும் இங்கே காட்டும் வசதி லினக்ஸில் கிடையாது. ஒன்று முழுசாக இறங்கும், இல்லையென்றால் கண்ணிலேயே படாது.

மெகாவுக்கு அவர்கள் தளத்திலிருந்து டெப் ஃபைலை (நிறுவுவதற்கான பொதி) இறக்கி இரண்டு முறை கிளிக் செய்தால் போதும். அங்கே எந்த லினக்ஸ் என்று கேட்கும்போது மின்ட் என்று தேடிக்கொண்டிருக்காமல், மின்ட் 22 என்றால் உபுண்டு 24.04, மின்ட் 21 என்றால் உபுண்டு 22.04 என்று தேர்ந்தெடுங்கள். தவறான பதிப்பை எடுத்தால் ஏதோ சார்புப் பொதி (அது ஓடத் தேவைப்படும் வேறு மென்பொருள்) இல்லை என்று மல்லுக்கு நிற்கும்.

கூகுள் டிரைவ்

மெனுவில் ஆன்லைன் அக்கவுண்ட்ஸ் என்று தேடுங்கள். கூகுளைத் தேர்ந்தெடுத்து லாகின் செய்து அனுமதி கொடுத்ததும், எதெதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று பட்டியல் வரும். ஃபைல்ஸ் மட்டும் ஆனில் இருந்தால் போதும், மெயில், காலண்டரை அணைத்துவிடலாம். நீமோவைத் திறந்தால் இடது பக்கம் உங்கள் மெயில் முகவரியோடு ஒரு டிரைவ் தெரியும்.

இது இரண்டாவது ரகம் என்பதை நினைவில் வையுங்கள். ஃபைல் இங்கே இல்லை. பெரிய படங்கள் நிறைந்த ஃபோல்டரைத் திறந்தால் திணறும். சில மென்பொருள்களில் திறக்கும்போது ஃபைல் பெயருக்குப் பதில் கூகுள் உள்ளே வைத்திருக்கும் எழுத்துக் குவியல் தெரியும், அதைப் பார்த்து வைரஸ் என்று நினைத்துவிட வேண்டாம். என் பழக்கம்: வேண்டியதை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து, வேலையை முடித்து, திரும்ப அங்கே போடுவது. டிரைவை முழுசாக சிங்க் செய்தே ஆக வேண்டும் என்றால் இன்சிங்க் என்று காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் உண்டு. ஆர்குளோன் இலவசம், ஆனால் டெர்மினலில் அமைக்க வேண்டியது.

நெக்ஸ்ட்கிளவுட்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கடைக்காரர்களுக்கு இதுதான் அதிகம் ஒத்துவருகிறது.

சாஃப்ட்வேர் மேனேஜரில் நெக்ஸ்ட்கிளவுட் என்று தேடினால் மின்ட்டோடு வரும் சிஸ்டம் பேக்கேஜாகவும், எந்த லினக்ஸிலும் ஓடும்படி தனியாகக் கட்டிய ஃபிளாட்பேக்காகவும் கிடைக்கலாம். சிஸ்டம் பேக்கேஜ் கொஞ்சம் பழைய பதிப்பு, ஆனால் நீமோவோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கும் நீமோ-நெக்ஸ்ட்கிளவுட் என்று துணைப் பொதி உண்டு. ஃபிளாட்பேக் புதிய பதிப்பு, ஆனால் ஃபைல் மேல் ஐகான் வராமல் போகலாம். ஆரம்பத்துக்கு சிஸ்டம் பேக்கேஜே போதும். மின்ட் இல்லாமல் உபுண்டு போட்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே ஆப் சென்டரில் வெறுமனே நெக்ஸ்ட்கிளவுட் என்று வரும் ஸ்னாப் (உபுண்டுவின் பொதி வகை), சர்வர். அதைப் போட்டால் உங்கள் கணினி தானே ஒரு சர்வராக மாறிக்கொள்ளப் பார்க்கும். பெயரில் டெஸ்க்டாப் கிளையண்ட் என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

நிறுவியதும் திறந்துகொள்ளுங்கள். லாகின் பட்டனை அழுத்தினால் சர்வர் முகவரி கேட்கும், இடம் கொடுத்தவர் தந்த முகவரியை அப்படியே ஒட்டுங்கள். பிரவுசர் திறக்கும், அங்கே பயனர்பெயர், பாஸ்வேர்டு, அப்புறம் கிராண்ட் ஆக்சஸ் என்று ஒரு பட்டன். அழுத்திவிட்டு பிரவுசரை மூடிவிடலாம். இப்படி பிரவுசர் வழியாகப் போவதில் ஒரு நன்மை இருக்கிறது: உங்கள் உண்மையான பாஸ்வேர்டு டெஸ்க்டாப் மென்பொருளுக்குப் போவதே இல்லை, இந்தக் கணினிக்கென்று தனியாக ஒரு சாவி உருவாகிறது. இந்தச் சாவியை மட்டும் பின்னால் ரத்து செய்யலாம், மற்ற கணினிகள் பாட்டுக்கு ஓடும்.

அடுத்த திரைதான் முக்கியம், அவசரப்பட்டு கனெக்ட் அழுத்திவிடாதீர்கள். எல்லாவற்றையும் சிங்க் செய்யவா, வேண்டியதை மட்டுமா என்று கேட்கும். வேண்டியதை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, இந்தக் கணினியில் வேலை நடக்கும் ஃபோல்டர்களுக்கு மட்டும் டிக் போடுங்கள். அதற்குக் கீழே லோக்கல் ஃபோல்டர் எது என்று இருக்கும், வழக்கமாக ஹோமுக்குள் நெக்ஸ்ட்கிளவுட் என்ற பெயரில். நீங்கள் ஏற்கெனவே ஃபைல்கள் உள்ள ஃபோல்டரைக் காட்டினால் இரண்டு வழி கேட்கும். ஒன்று, இருக்கும் ஃபைலை வைத்துக்கொள். இன்னொன்று, கிளீன் சிங்க். இந்த இரண்டாவது, இங்கே இருப்பதைத் துடைத்துவிட்டு சர்வரில் இருப்பதை இறக்கும். கிளீன் என்ற பெயர் நன்றாக இருக்கிறதே என்று அழுத்தினால் கதை முடிந்தது. முதல் வழியைத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு பேனலில் ஐகான் வரும். பச்சை டிக் என்றால் எல்லாம் சரி, நீலம் சுற்றினால் வேலை நடக்கிறது, சிவப்பு என்றால் ஏதோ தகராறு. சிவப்பைப் பார்த்ததும் மென்பொருளைக் கழற்றி மறுபடி போடுகிற பழக்கம் விண்டோஸிலிருந்து கூடவே வந்துவிடுகிறது. அதற்கு முன் ஐகானைத் திறந்து பட்டியலைப் பாருங்கள், எந்த ஃபைல், என்ன காரணம் என்று தெளிவாக எழுதியிருக்கும்.

ஹோமில் உள்ள டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே சிங்க் செய்ய வேண்டும் என்றால், செட்டிங்ஸில் ஆட் ஃபோல்டர் சிங்க் கனெக்ஷன் இருக்கிறது. எந்த லோக்கல் ஃபோல்டரையும் சர்வரில் எந்த ஃபோல்டரோடும் கோத்துவிடலாம். ஷார்ட்கட் மாதிரி லிங்க் போட்டு ஏமாற்றப் பார்த்தால் நடக்காது, லிங்க்குகளை அது தொடாது.

தினசரி நிர்வாகம்

கடையில் இரண்டு கணினி, இரண்டிலும் ஒரே ஃபோல்டர். முன்பக்கக் கணினியில் கல்யாணப் பத்திரிகை ஒன்று இங்க்ஸ்கேப்பில் (வடிவமைப்பு மென்பொருள்) திறந்தபடி இருக்கிறது. உள்ளே வேலை செய்யும் பையன் அதே ஃபைலைத் தன் கணினியில் திறந்து முகூர்த்த நேரத்தைத் திருத்தி சேமிக்கிறான். முன்பக்கத்தில் அண்ணன் ஏற்கெனவே திறந்துவைத்த பழைய பிரதியில் ஒரு எழுத்துப் பிழையைச் சரிசெய்து அவரும் சேமிக்கிறார். இந்த இடைவெளியில் நெட் வேறு விட்டு விட்டு வந்தது. இப்போது ஃபோல்டரில் இரண்டு ஃபைல்: ஒன்று வழக்கமான பெயரில், இன்னொன்று அதே பெயரோடு கன்ஃபிளிக்டட் காப்பி என்ற வால், தேதி, நேரத்தோடு. நீளமான பெயர் என்பதால் அந்த வால் திரையில் பாதி மறைந்திருக்கும். மாலையில் பெண்ணின் மாமா வந்து புரூஃப் பார்த்துவிட்டு, "தம்பி, நேத்தே மாத்தச் சொன்ன முகூர்த்தம் ஏன் பழையபடியே வருது?" என்பார்.

மென்பொருள் எதையும் தொலைக்கவில்லை, இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறது. எது சரி என்று முடிவு செய்யத்தான் அதற்குத் தெரியாது. கடிதம், கணக்கு எழுதும் லிப்ரே ஆஃபீஸ், ஃபைல் திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக மறைவாக ஒரு பூட்டு ஃபைல் போடும். ஆனால் நெக்ஸ்ட்கிளவுட் பொதுவாக அந்தப் பூட்டு ஃபைலை சிங்க் செய்யாது, ஆகவே அடுத்த கணினிக்கு எச்சரிக்கை போய்ச் சேராது. இங்க்ஸ்கேப்பில் பூட்டே கிடையாது. வழி ஒன்றுதான்: ஒரு வேலை ஒருவர் கையில். ஃபோல்டருக்குள் ஆளுக்கொரு துணை ஃபோல்டர் வைத்து, யார் கையில் வேலை இருக்கிறதோ அவர் ஃபோல்டருக்கு ஃபைலை நகர்த்திவிடச் சொல்லுங்கள். பழமையான வழி, ஆனால் சண்டை வராது. வாரம் ஒருமுறை நீமோவில் கண்ட்ரோல் எஃப் அழுத்தி கன்ஃபிளிக்டட் என்று தேடி, கிடைப்பதைத் திறந்து ஒப்பிட்டு, வேண்டாததை அழியுங்கள்.

டிஸ்க் நிறையும்போது என்ன செய்வது? முன்பே சொன்னதுபோல நீமோவில் போய் அழிக்கக் கூடாது. சிங்க் மென்பொருளின் செட்டிங்ஸில், அந்த ஃபோல்டருக்கு எதிரே உள்ள டிக்கை எடுங்கள். இங்கே மட்டும் போகும், சர்வரில் இருக்கும். தெரியாமல் அழித்துவிட்டால் உடனே பிரவுசரில் உங்கள் கணக்கைத் திறந்து டெலீட்டட் ஃபைல்ஸ் பகுதிக்குப் போங்கள். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கில் 30 நாள் வரை மீட்கலாம். நெக்ஸ்ட்கிளவுட்டிலும் வழக்கமான அமைப்பு 30 நாள்தான், ஆனால் உங்கள் இடம் நெருக்கடியானால் அதற்கு முன்பே பழையதைக் காலி செய்துவிடும். இதனால்தான் சிங்க்கை பேக்கப் என்று எண்ணக் கூடாது. மின்ட்டில் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்பீர்கள், அது சிஸ்டத்துக்கு, ஹோம் ஃபோல்டரை வழக்கமாக அது சேர்ப்பதில்லை. உங்கள் ஃபைலுக்கு பேக்கப் டூல் என்று தனியாக ஒன்று மெனுவில் இருக்கிறது, மாதம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, அந்த டிஸ்கை மாடியில் வையுங்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: கணினிக்கு அது சாதாரண வைஃபை, உங்கள் ஒரு நாள் டேட்டாவை சிங்க் பத்து நிமிடத்தில் குடித்துவிடும். ஹாட்ஸ்பாட்டில் இணைப்பதற்கு முன் ஐகானில் பாஸ் சிங்க் (சிங்க்கைத் தற்காலிகமாக நிறுத்துவது) கொடுங்கள். வீட்டு ஃபைபரில்கூட, நெட்வொர்க் செட்டிங்ஸில் அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைத்தால் பக்கத்து அறையில் வீடியோ கால் திக்காது. நெக்ஸ்ட்கிளவுட்டில் 500 எம்பிக்கு மேற்பட்ட புதிய ஃபோல்டர் வந்தால் கேட்டுவிட்டு இறக்கு என்ற அமைப்பும் இருக்கிறது, அதை அப்படியே விட்டுவைக்கவும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட், அதில் கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிதான். கடலூர் என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஆறு குறி, 18 பைட். ஆக, முழுத் தமிழ்ப் பெயருக்கு மொத்தம் 85 குறிதான் இடம். விண்டோஸில் 255 குறி வரை தாங்கும் என்பதால், அங்கே 'திருப்பாதிரிப்புலியூர் ... குடும்ப விழா அழைப்பிதழ் இறுதித் திருத்தம் புதியது' என்று நீட்டி முழக்கி வைத்த பெயர், மின்ட்டில் இறங்க மறுத்து சிவப்பு காட்டும். நிறுவும்போது ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்திருந்தால் (மறைகுறியாக்கிப் பூட்டியிருந்தால்) வரம்பு இன்னும் குறுகிவிடும். பெயரைச் சுருக்குங்கள், விவரத்தை ஃபோல்டர் பெயரில் வையுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. லினக்ஸ் ஃபைல் பெயரில் கேள்விக்குறி, இரட்டைப் புள்ளி எல்லாம் வைக்க விடும், விண்டோஸ் விடாது. நேரத்தை 10:30 என்று பெயரில் எழுதினால் உங்கள் கணினியில் பச்சை, விண்டோஸ் வைத்திருக்கும் கூட்டாளி கணினியில் சிவப்பு. புள்ளியோ கோடோ போட்டு எழுதிவிடுங்கள்.

கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நெக்ஸ்ட்கிளவுட் பாஸ்வேர்டு கேட்டு நச்சரிக்கிறதா? பெரும்பாலும் காரணம், மின்ட்டை ஆட்டோமேட்டிக் லாகினில் வைத்திருப்பது. சாவிகளெல்லாம் கீரிங் என்ற பெட்டகத்தில் இருக்கும், நீங்கள் லாகினில் பாஸ்வேர்டு தட்டும்போதுதான் அது திறக்கும். ஆட்டோ லாகினை எடுத்துவிட்டால் தொல்லை ஒழியும், கடையில் அதுதான் பாதுகாப்பும். கணினி ஏறியதும் நெட் வருவதற்கு முன்பே சிங்க் ஆரம்பித்துப் பிழை காட்டினால், ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் அந்த மென்பொருளுக்கு முப்பது நொடி டிலே கொடுங்கள்.

ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் என்று வாடிக்கையாளர் கொண்டுவரும் காகிதங்களை ஸ்கேன் செய்யும் கடைகள், ஸ்கேனர் சேமிக்கும் ஃபோல்டரை சிங்க்குக்கு வெளியே வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அழிக்க வேண்டிய ஃபைல் அது, அடுத்தவர் சர்வரில் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கக் கூடாது. உங்கள் சொந்த ஆவணங்களை ஏற்ற வேண்டும் என்றால் கிரிப்டோமேட்டர் என்ற இலவச மென்பொருளால் பூட்டி ஏற்றலாம். அதன் பாஸ்வேர்டைத் தொலைத்தால் மட்டும் யாராலும் உதவ முடியாது.

கழற்றுவது

வேறு சேவைக்கு மாறுகிறீர்கள், அல்லது கணினியை விற்கிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். முதலில் மென்பொருளின் செட்டிங்ஸில் கணக்கை நீக்குங்கள், நெக்ஸ்ட்கிளவுட்டில் ரிமூவ் கனெக்ஷன், டிராப்பாக்ஸில் அன்லிங்க். இதனால் எந்த ஃபைலும் அழியாது, இங்கே இருப்பது இங்கே, அங்கே இருப்பது அங்கே. இணைப்பு அறுந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் லோக்கல் ஃபோல்டரில் கைவைக்க வேண்டும். அதன்பின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ரிமூவ். டிராப்பாக்ஸ் என்றால் ஹோமில் கண்ட்ரோல் எச் அழுத்தி மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் செய்து, புள்ளியில் தொடங்கும் டிராப்பாக்ஸ் ஃபோல்டர்களையும் அழித்துவிடுங்கள்.

லேப்டாப் திருடு போனால் இந்த வரிசைக்கு நேரமில்லை. வேறு எந்த மொபைலிலிருந்தாவது பிரவுசரில் கணக்கைத் திறந்து, நெக்ஸ்ட்கிளவுட்டில் செட்டிங்ஸ், செக்யூரிட்டி, அதில் டிவைசஸ் அண்ட் செஷன்ஸ். அந்த லேப்டாப்பின் பெயருக்கு எதிரே ரிவோக் கொடுத்தால் சாவி செத்துவிடும். அதற்குப் பக்கத்திலேயே வைப் டிவைஸ் இருக்கும், அடுத்தமுறை அந்த லேப்டாப் நெட்டில் ஏறும்போது சிங்க் ஆன ஃபைல்களை அதிலிருந்து துடைக்கச் சொல்வது அது. திருட்டு என்று உறுதியாகத் தெரிந்தால் வைப்பைத்தான் முதலில் அழுத்த வேண்டும், ரிவோக் கொடுத்துவிட்டால் பிறகு அந்த லேப்டாப்புக்கு வைப் சொல்ல வழியில்லை.